முகமும் பெயரும்: பிரெஞ்சு அரச, பேரரசக் குழந்தைகளின் பீங்கான் உருவப்பதக்கங்களை அடையாளம் காணும் நெறி

ஆய்வுச் சுருக்கம்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் அரச, பேரரசக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளின் உருவங்கள் சுடுமண்ணிலும் பீங்கானிலும் வட்ட, நீள்வட்டப் புடைப்புருவங்களாகச் செய்யப்பட்டன. அவற்றுள் பல கையொப்பமோ ஆண்டுக்குறிப்போ இன்றிக் கிடைப்பதால், அவை எந்தக் குழந்தையைக் குறிக்கின்றன என்பதை முகச்சாயலைக் கொண்டே முடிவுசெய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. வளரும் குழந்தையின் முகமும் அச்சில் வார்க்கும் தொழிலும் அரசியல் மாற்றங்களும் சேர்ந்து அவ்வழக்கை நம்பத்தகாததாக ஆக்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மண், அளவு, முத்திரை, அணிகலன், எழுத்து ஆகியவற்றை முதலில் ஆராய்ந்து, முகத்தை இறுதிச் சான்றாகக் கொள்ளும் நெறியை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: உருவப்பதக்கம், செவ்ர் பீங்கான், மெருகிடாப் பீங்கான், புடைப்புருவம், அரசுரிமை, ரோம் அரசர், பூர்போன் மரபு.

முன்னுரை

பிரான்சில் 1643ஆம் ஆண்டு பதின்மூன்றாம் லூயிக்குப் பின் அவர் மகன் பதினான்காம் லூயி அரியணை ஏறினார். அதற்குப் பிறகு முடியாட்சியும் பேரரசும் நிலவிய காலம் முழுவதிலும், தந்தையின் அரியணையை நேரடியாகப் பெற்று ஆண்ட மகன் ஒருவரும் இல்லை. பதினான்காம் லூயிக்குப் பின் அவருடைய கொள்ளுப்பேரனும், பதினைந்தாம் லூயிக்குப் பின் அவருடைய பேரனும் ஆண்டனர். அதன்பின் பிறந்த வாரிசுகள் இளமையிலேயே இறந்தனர். அல்லது நாடு கடந்து வாழ்ந்தனர்.

இவ்வாறு அரசுரிமை நழுவிக்கொண்டிருந்த காலத்தில்தான் வாரிசுக் குழந்தைகளின் உருவங்கள் பெருமளவில் செய்யப்பட்டன. ஓவியம் அரண்மனைச் சுவரில் தங்கியது. நாணயமும் உலோகப் பதக்கமும் அரசின் அச்சுச்சாலையைச் சார்ந்திருந்தன. களிமண்ணில் வார்த்த உருவப்பதக்கமோ ஒரே அச்சிலிருந்து பலமுறை எடுக்கத்தக்கது. மேசையிலும் சுவரிலும் பேழையிலும் இடம்பெறத்தக்கது. ஆகவே ஒரு குழந்தை நாளை ஆளும் என்னும் அரசியல் கூற்றை இல்லங்களுக்குள் கொண்டுசென்ற பொருளாக அதனைக் கொள்ளலாம். இப்பொருள்களை ஆராய்வோர் எதிர்கொள்ளும் முதல் வினா, அக்குழந்தை யார் என்பதாகும்.

1. சொல்லும் பொருளும்

தமிழில் 'பதக்கம்' என்னும் சொல் மார்பில் அணியும் அணியையும் பரிசாக வழங்கும் வட்டையும் குறிக்கும். இங்கு ஆராயப்படுவது அவ்விரண்டும் அன்று. வட்ட அல்லது நீள்வட்டப் பரப்பில் தாழ்புடைப்பாக அமைந்த தலை அல்லது மார்பளவு உருவமாகும். ஆதலின் இக்கட்டுரையில் 'உருவப்பதக்கம்' என்னும் கூட்டுச்சொல் ஆளப்படுகிறது.

இவ்வுருவங்கள் நான்கு வகை மண்பொருள்களில் கிடைக்கின்றன. முதலாவது, மெருகுப் பூச்சற்ற செந்நிறச் சுடுமண். இரண்டாவது, பிரெஞ்சு மொழியில் 'பிஸ்குயி' எனப்படும் மெருகிடாப் பீங்கான். மூன்றாவது, நிறமூட்டிய தளத்தின்மேல், பெரும்பாலும் நீலத்தின்மேல், வெண்ணிற உருவம் ஒட்டிய பீங்கான். நான்காவது, பீங்கான் உருவைப் படிகக் கண்ணாடிக்குள் பதித்த வகை. பாரிசில் தெப்ரே பட்டறை இந்நான்காம் வகைக்குப் புகழ்பெற்றது. கண்ணாடிக்கும் மண்ணுருவுக்கும் இடையே தங்கும் மெல்லிய காற்றுப்படலம் ஒளியைத் திருப்புவதால், அவ்வுரு வெள்ளிபோல் தோன்றும்.

2. மண்ணும் அச்சும்

வின்சென் நகரில் 1740இல் தொடங்கிய பீங்கான் தொழிலகம் 1756இல் செவ்ருக்கு மாறியது. 1759இல் பதினைந்தாம் லூயியின் உடைமையாயிற்று. அங்கு 1750களின் தொடக்கத்திலேயே மெருகிடாப் பீங்கானில் சிற்பம் செய்யும் முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. மெருகுப் பூச்சு சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும்போது இமைக்கோடு, மயிரிழை, உதட்டின் விளிம்பு ஆகிய நுண்வரைகளை நிரப்பி மழுக்கிவிடும். பூச்சில்லாத பீங்கான் அவற்றைக் காத்தது. பளிங்கை ஒத்த தோற்றமும் தந்தது. குழந்தை முகத்தின் மென்மையான வளைவுகளைக் காட்ட இது பொருத்தமாயிற்று.

தொடக்ககாலச் செவ்ர்ப் பொருள்கள், கயோலின் கலவாத மென்பீங்கானால் ஆனவை. லிமோஷ் நகருக்கு அருகிலுள்ள செந்த்-இரியே பகுதியில் கயோலின் எனப்படும் வெண்களிமண் 1768இல் கண்டறியப்பட்ட பின்னரே அங்கு வன்பீங்கான் உற்பத்தி தொடங்கியது. 1800இல் பொறுப்பேற்று 1847 வரை தொழிலகத்தை நடத்திய அலெக்சாந்தர் பிரோங்னியார் மென்பீங்கானைக் கைவிட்டார். எனவே ஓர் உருவப்பதக்கம் மென்பீங்கானா வன்பீங்கானா என்பது அதன் காலத்தை வரையறுக்க உதவும் முதற்குறிப்பாகும்.

உற்பத்திமுறை எளிது. சிற்பி மெழுகிலோ களிமண்ணிலோ மூலவுருவைச் செய்வார். அதிலிருந்து பாரிஸ் சாந்தினால் அச்சு எடுக்கப்படும். ஈரமண் அதில் அழுத்தப்படும். தாழ்புடைப்பு உருவத்தில் உட்குடைவு இல்லாமையால் ஒரே அச்சு போதும். முழுச்சிலைக்குப் பல துண்டு அச்சுகளும் இணைப்பு வேலையும் வேண்டும். உருவப்பதக்கம் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்தமைக்கு இவ்வேறுபாடே காரணம். இத்தாலியில் பிறந்த ழான்-பாப்தீஸ்த் நினி, லுவார் ஆற்றங்கரைச் சோமோன் மாளிகையில் 1772 முதல் செய்த சுடுமண் உருவப்பதக்கங்கள் இதற்குத் தக்க சான்று. அவர் 1777இல் வடித்த பெஞ்சமின் பிராங்கிளின் உருவம் பரவிய அளவு பெரிது. தம் முகம் நிலவின் முகத்தைப்போல் எங்கும் அறியப்பட்டுவிட்டதாகப் பிராங்கிளினே 1779இல் தம் மகளுக்கு எழுதினார்.

அச்சில் வார்ப்பதன் மற்றொரு விளைவு ஆய்வாளருக்கு முதன்மையானது. பீங்கான் மண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். கலவையைப் பொறுத்து அது எட்டில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை இருக்கும். முடிந்த பொருளிலிருந்தே மீண்டும் அச்செடுத்து வார்த்தால், இரண்டாம் உரு முதலுருவைவிடச் சிறிதாகும். ஏழில் ஒரு பங்கு சுருக்கம் எனக் கொண்டால், 14 செ.மீ. விட்டமுள்ள பதக்கத்திலிருந்து எடுத்த மறுவார்ப்பு 12 செ.மீ. ஆகும், அதிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 10.3 செ.மீ. ஆகும். வரைகளும் தலைமுறைதோறும் மழுங்கும். எனவே, ஒரே உருவின் இரு படிகளுள் சிறியதும் மழுங்கியதும் பிற்கால மறுவார்ப்பாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆனால் ஒரே தொழிலகம் இரண்டு அளவுகளில் மூலவுரு செய்வதும் உண்டு. அவ்வாறு செய்தவற்றுள் சிறியதிலும் வரைகள் கூர்மையாக இருக்கும். ஆகவே அளவையும் கூர்மையையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

3. பக்கத்தோற்ற மரபும் குழந்தை முகமும்

உருவப்பதக்கங்களில் தலை பெரும்பாலும் பக்கத்தோற்றமாக அமையும். இது உரோம நாணயங்களிலிருந்து மறுமலர்ச்சிக் காலப் பதக்கங்களின் வழியாக வந்த மரபு. நெற்றி, மூக்கு, தாடை ஆகியவற்றின் புறவரையே ஒருவரை அடையாளம் காட்டும் என்பது அதன் அடிப்படை. பதினாறாம் லூயியின் கொலைத்தண்டனைக்குப் பின் பரவிய அச்சுப்படங்களில், அழுகண்ணி மரத்தின் கிளைகளுக்கும் தாழியின் விளிம்புக்கும் இடையே அரசர், அரசி, குழந்தைகள் ஆகியோரின் பக்கத்தோற்றங்கள் மறைத்து வரையப்பட்டன. புறவரை மட்டுமே போதும் என்னும் பழக்கம் வேரூன்றியிருந்தமையால் அம்மறைவு பயன்பட்டது.

ஆனால் அம்மரபு வளர்ந்தோர் முகத்துக்கு ஏற்பட்டது. குழந்தையின் மூக்கெலும்பு உயரவில்லை, தாடை உருப்பெறவில்லை, கன்னத்தின் திரட்சி புறவரையை மூடுகிறது. மூன்று வயதுக் குழந்தைகள் இருவரின் பக்கத்தோற்றங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பது இயல்பு. இவ்வெற்றிடத்தைச் சிற்பிகள் குடும்பச் சாயலால் நிரப்பினர்: பூர்போன் குழந்தைக்குப் பூர்போன் நெற்றி, நெப்போலியன் மகனுக்கு நெப்போலியனின் முகவாய். சாயல் இவ்வாறு பார்த்து வடித்ததாக மட்டுமன்றி, உரிமைக் கூற்றாகவும் அமையக்கூடும். உரோமிலும் இதற்கு முன்னோடி உண்டு. அகஸ்டஸ் தம் வாரிசுகளாக ஏற்ற பேரர்கள் காயஸ், லூசியஸ் ஆகியோரை நாணயத்தில் பொறித்தார். இருவரும் அவர் வாழ்நாளிலேயே இறந்தனர்.

4. பூர்போன் குழந்தைகள்: ஒரே பட்டம், மூன்று பேர்

பதினாறாம் லூயிக்கும் மேரி அந்துவானெத்துக்கும் நான்கு குழந்தைகள். மேரி தெரேஸ் 1778இலும், லூயி ஜோசப் 1781 அக்டோபர் 22இலும், லூயி ஷார்ல் 1785 மார்ச் 27இலும், சோஃபி 1786இலும் பிறந்தனர். சோஃபி ஓராண்டு நிறையும் முன்பே இறந்தாள். 1787இல் விஷே லெ பிரான் தீட்டிய அரசியின் குடும்ப ஓவியத்தில், மூத்த மகன் வெறுந்தொட்டிலைச் சுட்டி நிற்பது இவ்விழப்பையே குறிக்கும்.

ஆண் வாரிசின் பிறப்பைச் செவ்ர் தொழிலகம் சிற்பங்களால் கொண்டாடியது. 1781இல் பஜு வடிவமைத்த மெருகிடாப் பீங்கான் சிற்பம், காதல் தெய்வத்தின் வடிவில் அரசியையும் அவள் ஏந்திய சிறு தெய்வமாகக் குழந்தையையும் காட்டியது. குழந்தை இளவரசரின் பெயரே தொழிலுக்குக் காப்பாகவும் அமைந்தது. 1781இல் பாரிசில் தீல் தொடங்கிய தனியார் பீங்கான் தொழிலகம், அரசரின் தம்பி மகனான ஆங்குலேம் கோமகனின் ஆதரவுப்பெயரைப் பெற்றது. அப்போது அவர் சிறுவர். செவ்ரின் தனியுரிமைகளுக்கு நடுவே பிற தொழிலகங்கள் இயங்குவதற்கு அரசகுடும்பப் பெயர் தேவைப்பட்டது.

அரசரின் முதல் வாரிசு 'தோஃபான்' எனப்பட்டான். ஓங்கில் மீனைக் குறிக்கும் இப்பட்டம், மரபுச் சின்னத்திலும் அம்மீனின் உருவைக் கொண்டது. எனவே ஓங்கில் உருவோ 'தோஃபான்' என்னும் எழுத்தோ பொறித்த பதக்கத்தை அடையாளம் காண்பது எளிது எனத் தோன்றும். ஆனால் 1789 ஜூன் 4 அன்று லூயி ஜோசப் இறந்தபின் அப்பட்டம் தம்பி லூயி ஷார்லுக்கு வந்தது. 1824 முதல் 1830 வரை ஆங்குலேம் கோமகன் அப்பட்டத்தைத் தாங்கினார். அப்போது அவருக்கு ஐம்பது வயதை ஒட்டிய பருவம். ஆண்டுக்குறிப்பற்ற 'தோஃபான்' குழந்தை, அண்ணனாகவும் இருக்கலாம், தம்பியாகவும் இருக்கலாம். எழுத்துச் சான்றும் தனித்து நிற்காது என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

இக்குழப்பம் வெறும் அருங்காட்சியகச் சிக்கல் அன்று. லூயி ஷார்ல் 1795 ஜூன் 8 அன்று தாம்ப்ள் சிறையில் பத்து வயதில் இறந்தான். இறந்தது வேறொரு சிறுவன் என்னும் வதந்தி பரவியது. தாமே பதினேழாம் லூயி எனப் பலர் உரிமை கொண்டாடினர். அவர்களுள் 1845இல் டெல்ஃப்ட் நகரில் இறந்த நாண்டோர்ஃப் மிகுந்த ஆதரவு பெற்றவர். உரிமை கோரியோரை ஏற்றவர்கள் முகச்சாயலையும் ஒரு சான்றாகக் கொண்டனர். சிறுவனின் உடலிலிருந்து எடுத்துக் காத்த இதயத்தின் மரபணு ஆய்வு முடிவு 2000இல் வெளிவந்த பின்னரே, அது அரசியின் தாய்வழியைச் சேர்ந்தது எனத் தெளிவாயிற்று. 2004இல் அவ்விதயம் சேன்-தெனி பேராலயத்தில் வைக்கப்பட்டது. குழந்தை முகத்தின் நினைவைச் சான்றாகக் கொண்டால் எவ்வளவு பெரிய பிழை நேரும் என்பதை இவ்வரலாறு காட்டும்.

5. ரோம் அரசர்: பிறப்பிலேயே பட்டம்

1811 மார்ச் 20 அன்று துயிலரி அரண்மனையில் நெப்போலியனுக்கு மகன் பிறந்தான். பெண்ணாயின் 21 குண்டுகளும் ஆணாயின் 101 குண்டுகளும் முழங்கும் என அறிவிக்கப்பட்டிருந்தது. 22ஆம் குண்டு முழங்கியதும் பாரிஸ் ஆர்ப்பரித்தது. பிறக்கும்போதே 'ரோம் அரசர்' என்னும் பட்டம் குழந்தைக்கு உரியதாயிற்று. ஆந்திரியோ வடித்த உலோகப் பதக்கத்தின் ஒருபுறம் பெற்றோரின் இணைந்த பக்கத்தோற்றமும் மறுபுறம் குழந்தையின் தலையும் இடம்பெற்றன. பழைய அரசகுடிப் பெருமை இல்லாத பேரரசு, தொடர்ச்சியை உருவத்தால் நிலைநாட்ட முயன்றது. செவ்ர்ப் பீங்கானும் தெப்ரேயின் படிகப்பதிப்புகளும் இம்முயற்சியில் பங்கேற்றன.

நெப்போலியன் 1814இல் முடிதுறந்தார். நூறு நாள் ஆட்சியின் முடிவில், 1815 ஜூன் 22 அன்று, மகன் பெயரால் மீண்டும் முடிதுறந்தார். நான்கு வயதுச் சிறுவனின் பெயரளவு ஆட்சி சில நாள்களில் முடிந்தது. 1818இல் அவனுக்கு ஆஸ்திரியாவில் ரைக்ஸ்டாட் கோமகன் என்னும் பட்டம் தரப்பட்டது. 1832 ஜூலை 22 அன்று ஷோன்புருன் அரண்மனையில் 21 வயதில் இறந்தான்.

உருவப்பதக்கங்களின் பொருளும் இக்காலத்தில் மாறியது. 1815 நவம்பர் 9ஆம் நாள் சட்டம் ஆட்சிக்கு எதிரான முழக்கங்களையும் சின்னங்களையும் தண்டனைக்குரியவை ஆக்கியது. முன்பு அரசு பரப்பிய முகம் இப்போது நாடோடி வணிகர் மூட்டைகளில் மறைந்து பரவியது. காவலர் கையில் சிக்கினால் பறிமுதல் ஆயிற்று. ஆகவே பெயரும் பட்டமும் இல்லாத ஒரு படி, அலட்சியத்தால் மட்டுமன்றி அச்சத்தாலும் அவ்வாறு அமைந்திருக்கலாம். பெயரின்மையும் இங்கு ஒரு காலச்சான்றாகும்.

6. போர்தோ கோமகனும் பேரரசு இளவரசரும்

1820 பிப்ரவரியில் பெரி கோமகன் கொலையுண்டார். ஏழு மாதங்களுக்குப் பின், செப்டம்பர் 29 அன்று, அவருடைய மனைவி ஆண் குழந்தையை ஈன்றார். பூர்போன் மூத்த கிளையின் ஒரே நம்பிக்கையான அக்குழந்தை 'அற்புதக் குழந்தை' எனப்பட்டது. போர்தோ கோமகன் என்னும் பட்டம் பெற்றது. பொதுமக்கள் நன்கொடையால் ஷாம்போர் மாளிகை அக்குழந்தைக்காக வாங்கப்பட்டது. 1830 புரட்சியால் ஒன்பது வயதில் நாடு கடந்த அச்சிறுவனை ஆதரவாளர்கள் ஐந்தாம் ஆன்ரி என்றே அழைத்தனர். ரோம் அரசரின் உருவுக்கு நேர்ந்தது இப்போது எதிர்த்தரப்பின் குழந்தைக்கு நேர்ந்தது: அரசின் அன்பளிப்பு, கட்சியின் அடையாளப்பொருள் ஆயிற்று.

மூன்றாம் நெப்போலியனின் ஒரே மகன் 1856 மார்ச் 16 அன்று பிறந்தான். கார்ப்போ 1865இல் வடித்த, இளவரசன் நாயுடன் நிற்கும் சிலை பெரும்புகழ் பெற்றது; செவ்ரில் மெருகிடாப் பீங்கானிலும் படியெடுக்கப்பட்டது. பேரரசு வீழ்ந்தபின் அதே உருவம் 'நாயுடன் குழந்தை' என்னும் பொதுப்பெயரில் விற்பனையாயிற்று. அச்சு மாறவில்லை, முகம் மாறவில்லை, பெயர் மட்டும் நீங்கியது. இது சிலையே ஆயினும், உருவப்பதக்கங்களை ஆராய்வோர்க்கு இதனினும் தெளிவான பாடம் இல்லை. அவ்விளவரசன் 1879 ஜூன் 1 அன்று சூலு நாட்டில் 23 வயதில் கொல்லப்பட்டான்.

7. அடையாளம் காணும் வரிசைமுறை

மேற்கண்ட செய்திகளிலிருந்து கீழ்வரும் வரிசைமுறையை வகுக்கலாம்.

முதலில் மண்ணும் அளவும். மென்பீங்கான், வன்பீங்கான், சுடுமண் என்னும் பிரிப்பும், மறுவார்ப்பின் சுருக்கமும் கால எல்லையைத் தரும்.

அடுத்து முத்திரை. முடியாட்சிக் காலச் செவ்ரின் பின்னிய இரு 'எல்' எழுத்துகளும், முதற்பேரரசின் இறுதிக்காலக் கழுகு முத்திரையும், 1815க்குப் பின் லில்லி மலருடன் மீண்டும் வந்த பின்னல் எழுத்துகளும் ஆட்சியைக் காட்டும். எனினும் மெருகிடாப் பொருள்களில் பல, முத்திரையின்றியோ பட்டறையாளரின் கீறல் எழுத்துகளுடன் மட்டுமோ கிடைக்கும். முத்திரை போலியாகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது அணிகலன். ஓவியத்தில் பூர்போன் சிறுவனின் தூய ஆவி அமைப்புப் பட்டை நீலம். நெப்போலியன் மரபுச் சிறுவனின் மதிப்புப்படைப் பட்டை செம்மை. வெண்பீங்கானில் இரண்டும் வெண்மையே. நிறம் மறையும் இடத்தில் விண்மீனின் வடிவை நோக்கவேண்டும். தூய ஆவி அமைப்பின் சின்னம் நான்கு கைகளும் எட்டு முனைகளும் உடைய சிலுவை. நடுவில் இறங்கும் புறா. மதிப்புப்படையின் சின்னம் ஐந்து கதிர்களும் பத்து முனைகளும் கொண்டது. மதிப்புப்படை 1802இல் நிறுவப்பட்டதால், ஐந்து கதிர் விண்மீன் அணிந்த குழந்தை பதினாறாம் லூயியின் மகனாக இருத்தல் இயலாது.

நான்காவது உடையும் முடியும். 18ஆம் நூற்றாண்டில் சிறுவர்களும் முதலில் நீள்பாவாடையே அணிந்தனர். எனவே பாவாடை பெண்ணுக்குச் சான்றாகாது.

ஐந்தாவது எழுத்து. அது மண்ணில் அச்சோடு அமைந்ததா, சுட்டபின் எழுதப்பட்டதா, சட்டத்தில் மட்டும் உள்ளதா என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். சட்டத்தின் எழுத்து உடைமையாளரின் நம்பிக்கையை மட்டுமே காட்டும்.

இறுதியாக முகம். முன்னைய சான்றுகள் குறுக்கிய எல்லைக்குள் மட்டுமே அதனை ஒப்பிடுதல் தகும்.

இவ்வரிசை தேவைப்படுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நினைவேக்கம் இப்பொருள்களை மீண்டும் மீண்டும் உருவாக்கியது. பேரரசி யூஜெனியின் ஆர்வத்தால் 1867இல் சிறு திரியனோன் மாளிகையில் மேரி அந்துவானெத் நினைவுப்பொருட்காட்சி நிகழ்ந்தது. 1900இல் ரோஸ்தானின் 'லெக்லோன்' நாடகத்தில் சாரா பெர்னார் ரோம் அரசராக நடித்தார். பழம்பீங்கான்களின் மறுபதிப்புகளுக்குப் பெயர்பெற்ற சாம்சன் தொழிலகம் 1845 முதல் பாரிசில் இயங்கியது. இறந்த குழந்தைகளின்மீது எழுந்த இரக்கம் சந்தையையும் வளர்த்தது. பெயரற்ற சிறுவனின் உருவத்துக்குப் 'பதினேழாம் லூயி' எனப் பெயரிட்டால் அதன் விலை உயரும் என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது.

முடிவுரை

பிரெஞ்சு அரச, பேரரசக் குழந்தைகளின் உருவப்பதக்கங்கள் நிகழாத ஆட்சிகளின் ஆவணங்கள். அவை ஒரு குழந்தை எப்படி இருந்தது என்பதைவிட, அக்குழந்தை என்னவாக வேண்டும் எனப் பெரியோர் விரும்பினர் என்பதையே உறுதியாகச் சொல்கின்றன. ஒரே முகம் அரசுப் பரிசாகவும், தடைசெய்யப்பட்ட சின்னமாகவும், பெயர் நீக்கிய அலங்காரப் பொருளாகவும், பிற்கால நினைவுப்பொருளாகவும் மாறியது. எனவே 'இது யார்' என்னும் வினாவுக்கு முன், 'இது எந்த மண், எந்த அச்சு, எந்த ஆட்சி' என்னும் வினாக்களுக்கு விடை காணவேண்டும். அவ்விடைகள் கிடைக்காதவிடத்து 'பெயரறியாச் சிறுவன்' எனப் பதிவதே ஆய்வு நேர்மை. தவறான அரசப்பெயர் ஒன்றைச் சூட்டுவதால் அப்பொருளுக்கும் நீதி கிட்டாது. அப்பெயருக்கு உரியவனாக வாழ்ந்து மறைந்த குழந்தைக்கும் நீதி கிட்டாது.